எத்தனை ஜிபி அடி?

கேள்வி: சினிமாவுக்கும் கேமுக்கும் இசையமைக்க டிரம்ஸ் சாம்பிள் லைப்ரரி வாங்கப் போகிறேன். 100 ஜிபி போதுமா?

பதில்: ஜிபியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த லைப்ரரியின் ஸ்நேர் டிரம் ஒன்றை ஒரே வலுவில் 16 முறை வேகமாகத் தட்டிப் பார்த்தீர்களா? பதினாறும் ஒரே அச்சாக ஒலித்தால், நீங்கள் வாங்கப் போவது மேளம் அல்ல, மெஷின் கன்! கை ஒருபோதும் அப்படி அடிக்காது. ஆகவே ஒவ்வொரு வலுவுக்கும் மாற்றுப் பதிவுகள் பல வேண்டும். மெல்லத் தட்டினால் சத்தம் குறைவதோடு நாதமும் மாற வேண்டும்.

அளவு மட்டுமே எல்லாம் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம்: நிஜ டிரம்ஸ் பதிவுகளோடு 1980-இல் வந்த முதல் டிரம் மெஷின், லின் எல்எம்-1. அதில் கிராஷ் சிம்பலே கிடையாது. நீண்டு ஒலிக்கும் ஓசைக்கு நினைவகம் அவ்வளவு விலை. ஆனாலும் அந்த மெஷினை வைத்துத்தான் பாடகர் பிரின்ஸ் ஹிட் பாடல்கள் தந்தார். லைப்ரரி கேமுக்கு என்றால், எதிரொலி கலக்காத பதிவும் தனியாக இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.