வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. நகரப் பாடசாலைகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்து இயங்கத் தொடங்கின. முந்திய ஆண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தைவிட்டு வெளியேறிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் வன்னிக்கு வந்திருந்தார்கள். ஒரே வளவுக்குள் காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொன்று. கிடுகுக் கொட்டிலும் மண் தரையும்தான் வகுப்பறை. மழை வந்தால் பாடம் நிற்கும். அந்தக் காலத்தில்தான் நான் விவாதம் பழகினேன். இன்றுவரை யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை யோசித்த பிறகு வாய் திறக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் தமிழ் சேர் வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளையை விவாதத்துக்கென்று ஒதுக்கியிருந்தார். தலைப்பு இடைவேளையில் கரும்பலகைக்கு வரும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைத் திருவுளச் சீட்டுத் தீர்மானிக்கும். பேச விருப்பமில்லாதவர்களுக்கும் வேலை இருந்தது: ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் இரு பக்கத்து வாதங்களையும் கொப்பியில் குறிப்பார், மூன்று பேர் நடுவராக இருந்து தீர்ப்புக்குக் காரணம் சொல்லவேண்டும். நடுவராய் இருப்பது பேசுவதைவிடக் கடினமாக இருந்தது. “நல்லாப் பேசினவை எண்டு சொல்லாதை. எந்த வாதத்துக்குப் பதில் வரேல்லை, அதைச் சொல்லு” என்பார் சேர்.

மறுப்புரைக்கு அவர் வைத்த விதி ஒன்றுதான். “முதல்ல அவள் என்ன சொன்னவள் எண்டதை அவளே ஒத்துக்கொள்ளுற மாதிரிச் சொல்லு. பிறகு பிழை எண்டு சொல்லு.” அடுத்த கிழமை அதே தலைப்பில் பக்கத்தை மாற்றிவிடுவார். போன கிழமை நாம் கட்டிய வாதத்தை இந்தக் கிழமை நாமே உடைக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த கூச்சமும் விலகலும் அந்தக் கொட்டிலுக்குள்தான் முதலில் கரைந்தன. ஒரே அணியில் நின்று குறிப்பெழுதிக் கொடுத்தவர்கள் பிறகு ஒன்றாகவே வீட்டுக்கு நடந்தார்கள்.

வாதத்துக்குச் சான்று தேடுவது பெரும்பாடு. பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் இரவில் பிபிசி தமிழோசை கேட்போம். ஈழநாதம் பத்திரிகை ஒன்று பல வீடுகளுக்குப் போய்த் திரும்பும். அதில் வரும் ஒரு எண்ணிக்கையை ஜாம் போத்தல் விளக்கில் கொப்பியில் எழுதிவைத்தால் அது பல விவாதங்களுக்குப் பயன்படும். வலயத்தில் வென்றாலும் வெளியே போய்ப் போட்டியிடுவது எளிதாக இருக்கவில்லை. வன்னியைவிட்டுப் போக இரு தரப்பின் அனுமதியும் வேண்டியிருந்த காலம் அது. பலருக்கு வெற்றி அந்த வளவோடு நின்றது. ஆனாலும் அடுத்த வெள்ளி விவாதம் நடந்தது.

எல்லாத் தலைப்பும் எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. சீதனம், பரீட்சை முறை, வயலுக்குள் வந்த இயந்திரம் என்று பேசினோம். போரைப் பற்றியும் அதை நடத்தியவர்களைப் பற்றியும் கரும்பலகையில் தலைப்பு வராது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. மாறுபட்ட கருத்தை வெளியில் சொல்ல அஞ்சிய அந்தச் சூழலில், வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசி, மணி அடித்ததும் நண்பர்களாகவே எழுந்து போனோம். அதன் பெறுமதி எனக்கு வயது போகப் போகத்தான் விளங்குகிறது.

2009இல் எல்லாம் அழிந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் பாடம் நடந்தபோது பிள்ளைகளைப் பரீட்சைக்கு இருத்துவதே ஆசிரியர்களுக்குப் பெரிய சாதனையாக இருந்தது. அப்போது விவாதத்தைப் பற்றி யாரும் நினைத்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவோ வந்துவிட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. பம்பைமடுவில் இருந்த வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. பாடசாலைகளில் மண்டபம் இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது, கைபேசியில் உலகத்துப் புள்ளிவிபரம் எல்லாம் இருக்கிறது. விவாதத்துக்கான வெள்ளிக்கிழமைப் பாடவேளை மட்டும் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

இப்போது தமிழ்மொழித்தினப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். பிள்ளைகளின் குரல் கணீரென்று இருக்கிறது, உச்சரிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் பேச்சு வேறொருவர் எழுதிக் கொடுத்தது என்பது இரண்டாவது வசனத்திலேயே தெரிந்துவிடுகிறது. மறுப்புரையும் வீட்டிலேயே எழுதி வந்தது. எதிரணி சொல்லாத வாதத்துக்கு அது பதில் சொல்கிறது. எதிரணிப் பிள்ளை பேசும்போது இந்தப் பக்கத்தில் எவரும் குறிப்பெடுப்பதில்லை. தங்கள் பேச்சையே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். முடிவு அறிவித்ததும் கேடயத்தோடு படம் எடுக்கப்படுகிறது. தோற்ற அணி ஏன் தோற்றது என்று கேட்பதும் இல்லை, சொல்ல நேரம் தருவதும் இல்லை. அடுத்த ஆண்டு சுற்றறிக்கை வருவதற்குள் அந்த அணி கலைந்துவிடும்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயர்தர மாணவருக்கு இசற் புள்ளிதான் வாழ்க்கை. பாடசாலை விட்டதும் ரியூட்டரி, சனி ஞாயிறும் ரியூட்டரி. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துச் சின்னப் பாடசாலைகளில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றால் அவரோடு விவாதமும் போய்விடுகிறது. பின்னேரம் நின்று பயிற்சி எடுத்தால் வீட்டுக்குப் போக பஸ் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டைத் தடை. போட்டிக்கு மட்டும் ஆள் தேடும் நிர்வாகத்துக்கு நாலு பேர் போதும். மிகுதி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒருநாளும் எழுந்து நின்று பேசாமலே பாடசாலையை முடிக்கிறார்கள்.

விவாதம் நிலைத்த இடங்களைப் பார்த்தால் வழி தெரியும். கேம்பிரிட்ஜில் 1815இலும் ஒக்ஸ்போர்ட்டில் 1823இலும் தொடங்கிய மாணவர் மன்றங்கள் இரண்டு நூற்றாண்டு கடந்து வாழ்வதற்குக் காரணம், பருவம் தவறாமல் கூடி விவாதிக்கும் ஒழுங்கு. 1988 முதல் நடக்கும் உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியில் சில தலைப்புகளை ஒரு மணி நேரத்துக்கு முன்தான் தருவார்கள். எட்டு நிமிடப் பேச்சின் நடுவே எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். அங்கே மனப்பாடம் உதவாது. எங்கள் மண்ணிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபத்தையும் வழக்காடு மன்றத்தையும் கேட்கும் பெருங்கூட்டத்தை உருவாக்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் ‘சொற்கணை’ என்ற பெயரில் பாடசாலைகளுக்கு விவாதப் போட்டி நடத்துகிறார்கள். பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் அருகிலுள்ள ஒரு பாடசாலைக்கு மாதம் ஒருமுறை போனாலே போதும்.

வேண்டியது அதிகமில்லை. தரம் 8இலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளை, பாடசாலை நேரத்துக்குள்ளேயே. அப்போது பஸ்ஸும் ரியூட்டரியும் தடையாகாது. தலைப்பு அன்றே, பக்கம் சீட்டில். ஒவ்வொரு விவாதத்துக்கும் காரணத்தோடு தீர்ப்பு. பொறுப்பாசிரியர் இருவர், ஒருவர் மாறினாலும் மற்றவர் இருக்க. வலயப் போட்டியில் ஒரு சுற்றாவது அந்த இடத்திலேயே தரும் தலைப்பில் நடக்கட்டும். எழுதிக் கொடுக்கும் வழக்கம் தானாக நிற்கும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் மண்டபம் கட்டித் தந்தார்கள், அதற்கு நன்றி. இனி அந்த மண்டபத்துக்குள் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் விவாதிக்க, வந்துபோகும் பயிற்றுநர் ஒருவரின் செலவையும் சின்னப் பாடசாலைகளின் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதிபர்களே, அடுத்த தவணை நேரசூசி போடும்போது அந்த ஒரு பாடவேளையை எழுதிவிடுங்கள். கொட்டிலுக்குள் முடிந்தது மண்டபத்துக்குள் முடியாமல் போகாது.