தத்தெடுப்பும் வரிக்கழிவும்: கேள்வி - பதில்

விசேட தேவையுடைய பிள்ளையைத் தத்தெடுப்பவர்களுக்கு அரசு என்ன தருகிறது? கரவெட்டிப் பக்கமிருந்தும், கரவெட்டியிலிருந்து போனவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழு இடமும்.

வெளிநாட்டில விசேட தேவையுள்ள பிள்ளையைத் தத்தெடுத்தால் வரியில லட்சக்கணக்கில கழிக்கினமாம். இங்க எவ்வளவு கழிப்பினம்?
*- ஒரு வாசகர், நெல்லியடி*

ஒரு சதமும் இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் தத்தெடுப்புக்கென்று தனிக் கழிவு கிடையாது. எல்லோருக்கும் பொதுவான தனிநபர் நிவாரணம்தான் உங்களுக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் அது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், மாதக் கணக்கில் ஒன்றரை இலட்சம். வைத்தியம், கல்வி முதலிய செலவுகளைக் காட்டி ஆண்டுக்கு 12 இலட்சம் வரை கழிக்கும் வசதி 2020இல் வந்தது. விசேட தேவையுள்ள பிள்ளையின் வீட்டுக்கு உண்மையில் உதவக்கூடியதாக இருந்தது அதுதான். 2022 முடிவோடு அதுவும் நின்றுவிட்டது.

அப்ப எங்களுக்கும் ஒரு வரிக்கழிவு வேணும் எண்டு கேட்கிறதுதானே நியாயம்?
*- வங்கி ஊழியர், கரணவாய்*

கேட்க முன்னர் ஒரு கணக்குப் போடுவோம். மாதம் இரண்டு இலட்சம் உழைப்பவரின் ஆண்டு வருமானம் 24 இலட்சம். நிவாரணம் போக மிஞ்சுவது 6 இலட்சம். முதல் பத்து இலட்சத்துக்கு வரி 6 வீதம் என்பதால் அவர் ஆண்டுக்குக் கட்டுவது 36,000 ரூபாய். அரசு அந்த வரி முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் அவருக்கு மாதம் 3,000 ரூபாய்தான் மிச்சம். மாதம் எண்பதாயிரம் உழைக்கும் குடும்பத்துக்கோ எதுவும் கிடைக்காது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? நம் ஊரில் பிள்ளை எடுத்து வளர்க்க முன்வருகிற வீடுகளில் பல அந்த இரண்டாவது வகை. அதனால் வரிக்கழிவைவிடப் பிள்ளையின் பெயரில் நேரே வந்து சேரும் மாதக் கொடுப்பனவுதான் நமக்குப் பொருந்தும்.

அமெரிக்காவிலும் அதே சிக்கல்தானே? வரி குறைவாகக் கட்டுகிறவருக்குக் கழிவு எப்படிக் கிடைக்கும்?
*- கரவெட்டியிலிருந்து போனவர், நியூ ஜெர்சி*

நீண்ட காலமாகக் கிடைக்கவில்லை. அங்கே தத்தெடுப்புக் கழிவின் 2025க்குரிய உச்ச வரம்பு 17,280 டொலர். அவ்வளவு வரி கட்டாதவர் மிச்சத்தை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நகர்த்தலாம், ஆனால் காசாகக் கையில் கிடைக்காது என்றே இருந்தது. 2025இல் வந்த சட்டம் அதில் 5,000 டொலர் வரை, வரி கட்டாதவருக்கும் திருப்பித் தரும் தொகையாக மாற்றியது. கரணவாய் வாசகருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை அங்கேயும் யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே 'விசேட தேவை' என்றால் வலுவிழந்த பிள்ளை மட்டும்தானா?
*- அதே வாசகர்*

இல்லை, பலர் தவறுவது இங்கேதான். பிள்ளை பெற்றோரிடம் திரும்ப முடியாது, உதவி இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைப்பது கடினம் என்று மாநில அரசு தீர்மானிக்க வேண்டும். வயது கூடிய பிள்ளையும், பிரிக்கக்கூடாத சகோதரங்களும்கூட அந்தத் தீர்மானத்துக்குள் வரலாம். மாறாக, கடுமையான நோயுள்ள பிள்ளையாக இருந்தாலும் மாநிலத்தின் தீர்மானம் இல்லையென்றால் வராது. வந்துவிட்டால் ஒரு பெரிய நன்மை உண்டு: செலவு குறைவாக இருந்தாலும் முழு வரம்பையும் கோரலாம், மற்றவர்கள் உண்மையில் செலவழித்ததை மட்டுமே கோரலாம். ஒன்றைக் குறித்து வையுங்கள். இலங்கையிலிருந்து தத்தெடுத்துக் கூட்டிப்போகும் பிள்ளை இந்த வகுப்புக்குள் வராது. அந்தப் பிள்ளைக்குச் சாதாரணக் கழிவுதான், அதுவும் தத்தெடுப்பு முடிந்த பிறகு.

கனடாவில் 19,000 டொலர் திருப்பித் தருகிறார்கள் என்று என் மச்சாள் சொல்கிறா. உண்மையா?
*- ஒரு வாசகி, ஸ்காபரோ*

மச்சாள் வரம்பைச் சொல்கிறா, கையில் வருவதைச் சொல்லவில்லை. 2024க்கு நீங்கள் காட்டக்கூடிய தத்தெடுப்புச் செலவின் உச்சம் 19,066 டொலர். கூட்டரசு வரியில் குறைவது அதன் 15 வீதம், ஏறத்தாழ 2,860 டொலர். அதுவும் வரி கட்டியவருக்கு மட்டும். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு அங்கே பெரிய துணை வேறு இடத்தில் இருக்கிறது. டி2201 படிவத்தை வைத்தியரிடம் நிரப்பி வாங்கி அனுப்புங்கள். அது ஏற்கப்பட்டால், வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 3,411 டொலர் வரை பிள்ளைக்கான வலுவிழப்புக் கொடுப்பனவு கிடைக்கும். இது 2025 யூலையில் தொடங்கிய ஆண்டுக்குரிய தொகை. பெற்ற பிள்ளையோ தத்தெடுத்த பிள்ளையோ, வேறுபாடு பார்ப்பதில்லை.

லண்டனில் என்ன தருவார்கள்?
*- ஒரு வாசகர், ஈஸ்ட்ஹாம்*

வரிக்கழிவு இல்லை. ஆனால் தகுதியுள்ள ஊழியருக்கு 52 வாரத் தத்தெடுப்பு விடுமுறை, அதில் 39 வாரத்துக்குச் சட்டப்படியான கொடுப்பனவு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட வலுவிழந்த பிள்ளைக்கு வருமானம் பார்க்காத, வரி விதிக்காத உதவித்தொகையும் உண்டு. உங்கள் உள்ளூராட்சிச் சபையிடம் தத்தெடுப்பு ஆதரவுக்கான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

சென்னையில இருக்கிற என்ர தங்கச்சி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்திருக்கிறா. காது கேளாது. அங்க ஏதும் உண்டோ?
*- ஒரு அக்கா, துன்னாலை*

உண்டு. இந்திய வருமான வரியில் 80டிடி பிரிவு என்று அறியப்படும் கழிவு. தங்கியிருக்கும் உறவினருக்கு 40 வீதம் அல்லது அதற்கு மேல் வலுவிழப்பு இருந்தால் வருமானத்தில் 75,000 ரூபாயைக் கழிக்கலாம், 80 வீதம் அல்லது அதற்கு மேலென்றால் 1,25,000. செலவுச் சிட்டைகளைச் சேர்க்கத் தேவையில்லை, மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பழைய வரிமுறையைத் தெரிவு செய்தவர்களுக்கு மட்டுமே இது. தங்கச்சி புதிய முறைக்கு மாறியிருந்தால், மாறியது இலாபமா என்று இன்னொரு முறை கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள் அக்கா.

என்ர அப்பாச்சியை மஞ்சத்தண்ணி குடிச்சுப் பிள்ளையெடுத்தவை. நாங்களும் அப்பிடிச் செய்தால் செல்லாதோ?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், கட்டைவேலி*

மாஸ்டர், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலேயே அந்த மஞ்சள் நீர் இருக்கிறது, உரித்தாளர்களின் சம்மதமும் இருக்கிறது. இன்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தரும் கட்டளை மட்டும். மஞ்சள் நீரை வீட்டில் குடியுங்கள், கட்டளையைப் பருத்தித்துறை நீதிமன்றத்தில் எடுங்கள்.

அந்தக் கட்டளை எடுக்க என்ன வழி?
*- இளம் தம்பதி, கரவெட்டி*

முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தரகர் யாரையும் சந்திக்க வேண்டாம். விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்தில். தத்தெடுப்பவருக்குப் பொதுவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். கணவன் மனைவி என்றால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் தேவை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். தன்னை யார் வளர்ப்பது என்பதில் பிள்ளைக்கும் ஒரு வாக்கு.

பிள்ளையின்ர தாய் சரியான கஷ்டத்தில. நாங்கள் கொஞ்சக் காசு குடுத்தால் என்ன பிழை?
*- பெயர் வேண்டாம் என்றவர்*

பெரிய பிழை. நீதிமன்றம் அனுமதிக்காத எந்தக் கொடுப்பனவும் கைமாறவில்லை என்று நீதிபதி திருப்திப்பட்டால்தான் கட்டளை கிடைக்கும். இந்த விதி ஏன் இவ்வளவு இறுக்கமாக வேண்டும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள், பலருடைய பத்திரங்கள் பொய். சுவிற்சர்லாந்து அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்புகளையே இடைநிறுத்தியது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதில் தாயைத் தேடி அலைகிறார்கள். தாய்க்கு உதவ வேண்டுமென்றால் பிள்ளையைக் கேட்காமல் உதவுங்கள்.

நான் கனடாப் பிரசை. ஊரில் சொந்தத்துப் பிள்ளை ஒன்றை நேரே பேசி எடுக்கலாமா?
*- ஒரு வாசகர், மார்க்கம்*

பேசி மட்டும் முடியாது. 1992இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வெளிநாட்டு விண்ணப்பம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளர் வழியாகத்தான் போக வேண்டும். தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கை 1995 மே 1இல் நடைமுறைக்கு வர முன்னர் அதை முதலில் உறுதிசெய்த மூன்று நாடுகளில் இலங்கை ஒன்று. அந்தக் கட்டுப்பாட்டைத் தடை என்று பார்க்காதீர்கள். பிள்ளை பின்னாளில் 'என்னை எப்படி எடுத்தீர்கள்' என்று கேட்டால் நேர்ப் பார்வையோடு பதில் சொல்ல அது உங்களுக்கே காவல்.

கட்டளை எடுத்தாச்சு. இனிச் சொத்துப் பற்றி யோசிக்கத் தேவையில்லைத்தானே?
*- ஒரு தகப்பன், உடுப்பிட்டி*

யோசிக்க வேண்டும். உங்கள் சொத்துக்கு அந்தப் பிள்ளை பெற்ற பிள்ளைபோலவே உரித்தாளி. ஆனால் உங்கள் இடத்தில் நின்று உங்கள் தாய் தகப்பனின் முதுசத்தில் பங்கு கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. மரணசாசனத்தை இப்போதே எழுதுங்கள். தானாகச் சொத்தைப் பராமரிக்க முடியாத பிள்ளையென்றால், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு ஏற்பாடு செய்யலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிறகும் பிள்ளைக்குச் சாப்பாடு போடப்போவது அந்தக் கடதாசிதான்.

மாதக் கொடுப்பனவு என்றீர்கள். அது எவ்வளவு?
*- ஒரு தாய், கரவெட்டி*

குறைந்த வருமானக் குடும்பத்திலுள்ள வலுவிழந்தவருக்கு மாதம் 7,500 ரூபாயாக இருந்தது 2025இல் 10,000 ஆனது. ஆண்டுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். மேலே வங்கி ஊழியருக்குப் போட்டுக் காட்டிய கணக்கின் முழு வரியையும்விட மூன்று மடங்குக்கு மேல். கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வரை போங்கள் தங்கச்சி. வைத்திய அறிக்கையும் தத்தெடுப்புக் கட்டளையும் கையில் இருக்கட்டும். கட்டளை இல்லாமல் 'எடுத்து வளர்க்கிறம்' என்று மட்டும் சொன்னால், ஒவ்வொரு மேசையிலும் பிள்ளை யாருடையது என்ற கேள்விதான் முதலில் வரும்.

அன்பு இருந்தால் போதாதா? எதற்கு இவ்வளவு கடதாசி?
*- ஒரு வாசகி, அல்வாய்*

அன்பு வீட்டுக்குள் போதும். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, வங்கி, நீதிமன்றம் நான்கும் வீட்டுக்கு வெளியே இருக்கின்றன.

குறையுள்ள பிள்ளையை எடுத்தால் சனம் கதைக்கும். என்ன செய்ய?
*- பெயர் வேண்டாம் என்றவர்*

கதைக்கட்டும். உங்களுக்குத் தேவை கதைக்காமல் வேலை செய்பவர்கள், அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். கேட்டல் குறைந்த பிள்ளைக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை, பார்வை இழந்தவருக்குச் சுன்னாகம் வாழ்வகம், அறிவு வளர்ச்சி மெதுவான பிள்ளைக்குக் கோண்டாவில் சிவபூமி, செயற்கைக் காலுக்கு யாழ். ஜெய்ப்பூர் நிலையம். முடிவெடுக்க முன்னர் இவற்றில் ஒன்றுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்து பாருங்கள். பயம் குறையும், எவ்வளவு பொறுமை தேவை என்பதும் விளங்கும். இரண்டும் தெரிந்த பிறகு 'ஓம்' சொல்கிறவர்தான் பிள்ளைக்கு ஏற்ற பெற்றோர்.

நிதியமைச்சரிடம் ஒன்று மட்டும் கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?
*- பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி*

விசேட தேவையுள்ள பிள்ளை ஒன்றை நீதிமன்றக் கட்டளையோடு தத்தெடுக்கும் வீட்டுக்கு, வருமானம் பார்க்காமல், பிள்ளையின் பெயரில் மாதக் கொடுப்பனவு. அதோடு, அந்த வீட்டின் வைத்திய, சிகிச்சைச் செலவுக்கு 2022 வரை இருந்த கழிவைத் திரும்பத் தரும்படி. முதலாவது வரி கட்டாதவருக்கு, இரண்டாவது கட்டுபவருக்கு. ஒரு பிள்ளை சிறுவர் இல்லத்தில் வளர்ந்தாலும் அரசுக்குச் செலவுதான். அதே காசு ஒரு வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் கிடைக்கிறார்கள். நீங்கள் படித்து முடித்து அதிகாரத்தில் ஒரு கதிரைக்கு வந்தால், இந்தக் கோரிக்கையையும் கொண்டு போங்கள்.