ஏஐ அண்ணை

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்பு வரைக்கும் ஊருக்கு ஓர் ஏஐ அண்ணை இருக்கிறார். முன்பு இவர் பெயர் ‘செயலாளர்’. விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு என்று எல்லாவற்றுக்கும் கூட்ட அறிக்கை எழுதியவர். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. கொஞ்சக் காலத்தில் அண்ணை பேனையை மூடிவிட்டார். இப்போது ஒரு கையில் போன், மறுகையில் பவர் பாங்க், வாயில் ஒரே வசனம்: “பொறு, கேட்டுச் சொல்லுறன்.” கறிக்கு உப்புக் காணுமா என்று மனுசி கேட்டாலும் இதுதான் பதில்.

அண்ணையின் பெருமைக்கு நியாயம் இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். அந்தச் செய்தி இன்னும் சில கந்தோர்களுக்குப் போய்ச் சேரவில்லை. காணி பற்றித் தனிச் சிங்களத்தில் கடிதம் வரும். முன்பென்றால் சிங்களம் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும். அவரும் தேத்தண்ணி குடித்து, கடிதத்தை வாசித்து, “பயப்பிடாதேங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அண்ணையோ போனில் ஒரு படம் எடுப்பார். அடுத்த நிமிசம், “அம்மா, வாற வியாழன் பேமிற்றோட வரட்டாம்.” இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சந்தியில் சிலையே வைக்கலாம்.

வாசித்தவர் பதிலும் எழுதத் தொடங்கினார்.

2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. பெயர் விடுபட்ட ஒரு அம்மாவுக்கு அண்ணை மேன்முறையீடு செய்து கொடுத்தார். ‘பொருளாதார நெருக்கடியின் பன்முகத் தாக்கங்களுக்கு முகங்கொடுக்கும் பொறுப்புமிக்க குடிமகளாக’ என்று தொடங்கி இரண்டு பக்கம். ஒழுகும் கூரையும் கச்சான் பிடுங்கும் கூலியும் அதில் எங்குமில்லை. வாசித்த உத்தியோகத்தர் கேட்டார்: “இவ்வளவு எழுதத் தெரிஞ்ச ஆள் என்னெண்டு ஏழை?”

பிறகு வயல். எப்போது நெல் விதைக்கலாம் என்று அண்ணை கேட்க, ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்ததும் குறுவையைத் தொடங்கலாம் என்று பதில் வந்தது. இணையத்தில் கிடக்கும் தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது. ஏஐ தனக்குத் தெரிந்த ஆற்றைச் சொன்னது. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்துக்கு மழை பார்த்து நின்ற கமக்காரர் அமைதியாகச் சொன்னார்: “மேட்டூர்த் தண்ணி கடல் தாண்டி வர எத்தினை நாள் எடுக்கும் எண்டும் ஒருக்கால் கேளுங்கோ.” அண்ணை கேட்டார். அதற்கும் இலக்கமிட்டு ஐந்து வரியில் பதில் வந்தது.

அண்ணையின் உச்சம், செத்தவர் நினைவாக 31ஆம் நாளில் வெளியிடும் கல்வெட்டுப் புத்தகங்கள். வட்டிக்குக் கொடுத்தவரும் அவரிடம் வாங்கி நொந்து செத்தவரும் ஒரே மாதத்தில் போனார்கள். இருவருமே ‘புன்னகையால் அனைவர் மனங்களையும் வென்றவர்கள்’ ஆனார்கள். திதி வெண்பாவில் தளை தட்டியதை யாரும் கவனிக்கவில்லை. திதியும் தட்டியதுதான் வினை. வளர்பிறையில் போனவரை வெண்பா தேய்பிறையில் அனுப்பிவிட்டது. திவசம் எந்த நாளில் என்று பிள்ளைகளுக்குள் இன்னும் வழக்கு.

“அது இன்னும் படிக்குது” என்பார் அண்ணை, சோதனையில் கோட்டைவிட்ட மருமகனுக்காகப் பேசுகிற தாய்மாமன் மாதிரி.

ஊர்ப் பெண்கள் சத்தமில்லாமல் ஒரு வழி கண்டுவிட்டார்கள். வருகிற கடிதத்தை வாசிக்க அண்ணை. போகிற கடிதத்தை எழுத ஓ.எல். படிக்கும் பேத்தி. பேத்திக்குக் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று தெரியும்.

போன போகம் அண்ணைக்கே பசளைக் காசு வரவில்லை. இருட்டின பிறகு அந்தப் பிள்ளையிடம் போய் நின்றார். பிள்ளை கொப்பியை விரித்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, எத்தினை ஏக்கர்? காணி ஆற்ற பேரில கிடக்கு? போன முறை எவ்வளவு தந்தவை?”

அண்ணை முழித்தார். போன் அவரை இப்படி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.