பி.காம். பேரனுக்குப் பிடிச்ச பேய்

ஏலே பேராண்டி, ஆடிட்டராகி வருவேன்னுதானே உங்கப்பன் வயலை ஒத்திக்கு வச்சு பி.காம். பீசு கட்டுனான்? பொங்கல் லீவுக்கு வந்தவன் சோத்துல கை வைக்கும் முன்னாலயே வ.உ.சி. கப்பல் கம்பெனிக் கதையை எடுக்கியே! எட்டாங்கிளாசுல இதே பாடத்துக்குக் கொட்டாவி விட்ட பயதானே நீ? காலேஜுல வேற கிளாசுல எடமில்லன்னு வரலாறு கிளாசுல போய் உக்காந்தியாம், பேய் பிடிச்சுக்கிட்டு. நல்ல பேய்தான், ஓட்ட வேண்டாம்.

ஆனா ஒண்ணு. நெஞ்சை நிமித்தி வசனம் பேசாத. அதை 1961-லயே சினிமாவுல சிவாஜி பேசி முடிச்சுட்டாரு. நீ கணக்குப் படிக்கவன், கணக்கைப் பாரு. 1906-ல சுதேசிக் கம்பெனி. பங்கு 25 ரூபா, மொத்தம் 40,000 பங்கு. மூலதனம் என்னலே? போனை எடுக்காத, மனசுல பெருக்கு. பத்து லட்சம்! அந்தக் காலத்துப் பத்து லட்சம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடுது. வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் டிக்கெட்டைக் குறைச்சான். ஜனம் மசியல. சும்மாவே ஏறுங்க, குடையும் தாரோம்னான். நஷ்டத்துக்கு யாவாரம் பண்ண அவன்கிட்ட பணம் கெடந்துச்சு, நம்ம ஆள்கிட்ட இல்ல. உன் வாத்தியார் இதைச் சொன்னாரா?

1908-ல வ.உ.சி. பிள்ளைவாளைப் பிடிச்சு உள்ள போட்டான். பின்ஹே ஜட்ஜு 40 வருசம்னு தீட்டுனான். அப்பீல்ல குறைஞ்சு 1912 கடைசியில வெளிய வந்தாரு. வாசல்ல கூட்டமும் இல்ல, கடல்ல கப்பலும் இல்ல. 1911-லயே கம்பெனியைக் கலைச்சாச்சு. பங்கு வாங்குனவங்க பணம் என்னாச்சுன்னு எவனாவது கேட்டானா? நீ கேளு. பி.காம். படிக்கவன் கேக்காம வேற எவன் கேப்பான்?

இன்னொண்ணு. மணியாச்சியில ரயில் நின்னா, வாஞ்சி கலெக்டர் ஆஷைச் சுட்ட எடம் இதுதான்னு எதிர்ல உறங்குதவனை எழுப்பாத. கல்யாணப் பந்தியில மாமன் வருசத்தைத் தப்பாச் சொன்னா திருத்தாத, பாயாசம் ஆறிப்போகும். பேயை அடக்கமா வச்சுக்கோ. ஒட்டப்பிடாரத்துல வ.உ.சி. பொறந்த வீடு நினைவு இல்லமா இருக்கு, முதல்ல அங்க போய்ப் பாத்துட்டு வா. பஸ் காசு என்கிட்ட கேக்காத.

வரலாறுல தொண்ணூறு வாங்கி, காஸ்ட் அக்கவுண்டிங்ல கோட்டை விட்டுட்டு வந்து நின்னியோ, உங்கப்பன்கிட்ட பரிஞ்சு பேச நான் வர மாட்டேன், பாத்துக்கோ.