மூட்டைப்பூச்சிக்கு ரூட்டா?

கேள்வி: புது போனில் நான் கேட்காத ஆப்கள் ஏகப்பட்டது. அழிக்கவும் முடியவில்லை. ரூட் செய்துவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும். ரூட் செய்வதற்கு, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பதற்கு, பெரும்பாலும் முதலில் போனைத் துவக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ள படங்கள், கோப்புகள் எல்லாம் காலி. அது கோளாறு இல்லை; போன் திருடன் கையில் சிக்கினாலும் உங்கள் தகவல் சிக்கக் கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடும்கூட! அதற்கப்புறம் பல வங்கி ஆப்கள் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

உங்களுக்கு ஏடிபி போதும்; கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிட உதவும் கருவி அது. செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டுங்கள். ஆறோடு அலுத்துக்கொள்பவர்களுக்குக் கதவு திறக்காது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் கேபிளைச் செருகுங்கள். யுஎஸ்பி டீபக்கிங்கை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். உங்கள் சொந்தக் கணினி என்றால் மட்டும் ஆம் சொல்லுங்கள். பிறகு வேண்டாத ஆப்பை, பயனர் 0 (போனின் முதன்மைப் பயனர்) என்று குறிப்பிட்டு ஒரே கட்டளையில் கழற்றலாம். ஆப் கண்ணில் படாது. ஆனால் சிஸ்டம் பகுதியில் அதன் மூலப்பிரதி இருக்கும். அதனால் இடம் பெரிதாக மிச்சமாகாது, தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம். கழற்றும் ஒவ்வொன்றின் பேக்கேஜ் பெயரையும் எழுதி வையுங்கள். கீபோர்டு, லாஞ்சர் பக்கம் மட்டும் கை நீளவே கூடாது. கீபோர்டு போனால் பாஸ்வேர்டை எதால் அடிப்பீர்கள்? வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.