அப்பத்தா பாட்டும் 8 டெராபைட்டும்

2003 கோடையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அக்கம்பக்கத்து வீட்டுக் கணினிகளில் 20, 40 ஜிபிதான் இருந்த காலம். தம்பி கல்யாணத்தைக் கைக்கேமராவில் எடுத்திருந்தோம். அதன் சின்ன டிஜிட்டல் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றினால் ஒரு மணி நேரப் படம் 13 ஜிபி பிடிக்கும். பதினொரு கேசட் இருந்தது. பழைய டிஸ்க் தாங்காது.

என்னிடம் இருந்தது பென்டியம் 3. கடைக்காரத் தம்பி தன் புதுக் கணினியிலேயே டிஸ்க்கை ஒரே பார்ட்டிஷனாகப் பிரித்து, ஃபார்மட் செய்து கொடுத்தார். "நேரா மாட்டிக்கங்கண்ணே, அவ்வளவுதான்" என்றார். வீட்டில் கேபினெட்டைத் திறந்து, பட்டையான ஐடிஇ கேபிளில் இரண்டாவதாகச் செருகி, ஜம்பரை 'ஸ்லேவ்' இடத்துக்கு மாற்றினேன். முழுக் கொள்ளளவும் திரையில் தெரிந்தது.

புது டிஸ்க்கில் முதலில் ஏற்றியது அப்பத்தாவின் குரல். 1994-இல் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு கேசட்டில் அப்பத்தாவைப் பாட வைத்துப் பதிந்திருந்தேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, தாத்தாவுக்காக வைத்த ஒப்பாரி. இரண்டு வருஷம் கழித்து அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் கணினியில் ஏற்றினேன். ஏற்றியாயிற்றே என்று கேசட்டுகளைக் கழித்துவிட்டேன்.

கல்யாண வீடியோ ஒவ்வொன்றாக ஏறியது. பத்தாவது கேசட்டும் ஏறியது. பதினோராவதை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கணினியைப் போட்டால், இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா என்று கேட்டது.

காரணம் புரியப் பல மாதம் ஆயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் 512 பைட் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. பழைய ஐடிஇ முறையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 28 பிட். பெருக்கிப் பார்த்தால் 137 ஜிபி வரைதான் எண்ண முடியும். 2002-இல் வெளிவந்த ஏடிஏ-6 தரம் அதை 48 பிட்டாக்கியது. கடைக்காரரின் கணினிக்கு 48 தெரியும். என்னுடையதற்கு 28 மட்டும்தான். 137 ஜிபியைத் தாண்டி எழுதப் போனபோது எண் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. கல்யாணப் பந்தியின் கடைசிக் காட்சிகள் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்தன. எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேடும், முதலில் ஏற்றிய அப்பத்தாவும் இருந்த இடம் அது. கல்யாண வீடியோவை மறுபடி ஏற்ற கேசட்டுகள் கையில் இருந்தன. அப்பத்தாவுக்கு எதுவும் இல்லை.

இருந்தது, ஒன்றே ஒன்று. பாட்டுகளை ஏற்றிய கையோடு, அத்தை கேட்டாள் என்று ஒரு தாலாட்டை மட்டும் சிடியில் எழுதிக் கொடுத்திருந்தேன். பதினொரு நிமிஷம். அத்தை அதைச் சேலைக்கு நடுவே பீரோவில் வைத்திருந்தாள். அதனால் பிழைத்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் சர்வராக ஓடுவது 2009-இல் வாங்கிய கோர் 2 டியோ. அலுவலக வேலைக்கு உதவாது என்று ஒதுக்கியதில் டெபியன் லினக்ஸ் போட்டு, ஹாலின் மூலையில் யுபிஎஸ் பக்கத்தில் வைத்தேன். எல்லார் செல்போன் படங்களும் அதில்தான் சேர்கின்றன. இடம் தீர்ந்துபோனதால் போன மாதம் 8 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன்.

மாட்டினேன், டிஸ்க் சுழலவே இல்லை. பயந்துபோனேன், ஆனால் டிஸ்க்கில் பழுது இல்லை. சாட்டா மின் இணைப்பில் உள்ள 15 ஊசிகளில் மூன்றாவதில், கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் 3.3 வோல்ட் அனுப்பும். 2016-இல் வந்த சாட்டா 3.3 தரத்தில் அதே ஊசிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் நின்றுவிட வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் கொடுத்த மின்சாரத்தைப் புது டிஸ்க் 'நில்' என்று புரிந்துகொண்டது. செல்போன் பழுதுபார்ப்பவர்கள் ஒட்டும், வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பைச் சின்னதாக வெட்டி அந்த ஊசிமேல் ஒட்டினேன். சுழன்றது.

அடுத்து இன்னொரு எல்லை. பழைய எம்பிஆர் முறையில் பார்ட்டிஷன் பிரித்தால் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. இந்தத் தடவை அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஜிபிடி முறையில் பிரித்தேன். அத்தனை பழைய பயாஸால் அதிலிருந்து கணினியைக் கிளப்புவது சிக்கல். அதனால் இயங்குதளத்தைச் சின்ன எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டு, பெரிய டிஸ்க்கைச் சேமிப்புக்கு மட்டும் வைத்தேன். 15 வருஷம் தாண்டிய பெட்டி 8 டெராபைட்டையும் கண்டுகொண்டது. பழசு என்று தூக்கிப் போட்டிருந்தால் நல்ல கணினி ஒன்று வீணாகியிருக்கும்.

எதையும் ஏற்றுவதற்கு முன் டிஸ்க்கைச் சோதித்தேன். டிஸ்க் முழுவதும் நான்கு விதமாக எழுதி, நான்கு முறையும் படித்துச் சரிபார்க்கும் சோதனை. ஐந்து நாள் ஓடியது. முடிந்ததும், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 5-ஆம் வரியையும் 197-ஆம் வரியையும் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட கட்டங்கள், சந்தேகத்தில் நிற்கும் கட்டங்கள், இரண்டும் பூஜ்யம்.

அந்த ஐந்து நாளில் ஒன்று உறைத்தது. 160 ஜிபி டிஸ்க்கை முழுதாகப் படிக்க அன்றைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். இதற்குப் பதினான்கு மணி நேரம் வேண்டும். கொள்ளளவு 50 மடங்கு வளர்ந்தது; வேகம் நாலு மடங்குகூட வளரவில்லை. பெரிய டிஸ்க் தடுமாறத் தொடங்கினால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் காப்பாற்ற அத்தனை நேரம் அது உயிரோடு இருந்தாக வேண்டும். ஆகவே இன்னொரு பிரதியைக் கெடுவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பிரதியும் அதே வீட்டில் இருந்தால் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் கீழ்த்தளம் தண்ணீரில் நின்றது. கணினியும் அதன் பக்கத்தில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனைந்திருக்கும். அதனால் எங்கள் இரண்டாவது பிரதி மதுரையில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குப் போகும்போது, புதுப்பித்துவிட்டு வருகிறேன்.

டிஸ்க் தயாரானதும் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எண்பது நெருங்குகிறது.

"ஆத்தா பாட்டு அதுல இருக்காடா?"

"முதல்ல அதத்தான்ப்பா ஏத்துனேன்."

"போடு, கேப்போம்."

பதினொரு நிமிஷமும் உட்கார்ந்து கேட்டார். அந்தத் தாலாட்டு 110 எம்பி. எட்டு டெராபைட்டில் அது பிடிக்கும் இடம் ஒன்றுமே இல்லை. ஆனால் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் இனி எந்த டிஸ்க்கிலும் வராது.

உங்கள் வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் குரல் யாருடையது, படம் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். பெரிய டிஸ்க் வாங்குவது அப்புறம் ஆகட்டும். முதலில் அதை இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.