ரப்பருக்கு மட்டும் வயது கேட்காதவர்

பிரிட்டனில் பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவரிடம் வேனுக்குள் எது எந்த வருஷத்தது என்று கேட்டால், ஜாதகம் மாதிரி ஒப்பிப்பார். 1979-இல் வரத்தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டி25 என்றால் அடுப்பு ஒரிஜினல், அலமாரி ஒரிஜினல், திரைச்சீலைகூட ஒரிஜினல். டயர் எந்த வருஷம் என்று கேளுங்கள். "பட்டன் அப்படியே இருக்கே" என்பார். வருஷம் கேட்டால் பட்டனைக் காட்டுகிறவரைக் கஞ்சர் என்பது அபாண்டம். உடைந்த அலமாரிக் கைப்பிடிக்கு ஜோடி தேடி நூறு மைல் போகிறவர் அவர். பழசாக ஆக மதிப்பு கூடும் என்பது அவருடைய ரசனை. வேன் முழுக்கச் செல்லும் அந்த விதி, தரையைத் தொடும் நான்கு இடங்களில் மட்டும் செல்லாது என்பதுதான் அவர் மனசுக்கு ஏறவில்லை.

டயரின் வயது ஒன்றும் ரகசியமில்லை. 2000-க்குப் பின் வந்தவற்றில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். ஆனால் பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கும். ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க அடியில் படுக்கிறவரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்த எண்; டார்ச் அதைத் தாண்டிப் போய்விடும். "வருஷத்துக்கு ரெண்டாயிரம் மைல்கூட ஓட்டறதில்லையே" என்பது அவர் வாதம். வில்லங்கமே அதில்தான். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் ஓசோன் தடுப்பும் டயர் உருண்டு நெளிந்தால்தான் நன்றாக மேலே கசிந்து அதைக் காக்கும். குளிர்காலம் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றால் விலாவில் மயிரிழை வெடிப்பு ஓடும். ஆக, தேயாத பட்டன் அவருக்கு எதிரான சாட்சி. அடுத்து சட்டத்தை எடுப்பார்: நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2018 முதல் எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, பத்து வயது கடந்த டயருக்கு 2021-இல் வந்த தடை லாரி, பஸ்ஸின் முன்சக்கரங்களுக்கும் மினிபஸ்ஸின் ஒற்றைச் சக்கரங்களுக்கும்தான். வாஸ்தவம். ஆனால் தான் மாட்டியிருப்பது பஸ்ஸிலா கேம்பரிலா என்று ரப்பர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஒருவழியாகக் கடைக்குப் போனாலும் அளவைத்தான் பார்ப்பார், பாரத்தைப் பார்க்கமாட்டார். 185 ஆர் 14-க்குப் பின்னால் 'சி' இருந்தால் அது சரக்கு வண்டி டயர். 102 என்று போட்டிருந்தால் ஒன்று 850 கிலோ தாங்கும். கிட்டத்தட்ட அதே அளவில் 91 போட்ட கார் டயர் 615 கிலோதான். நான்கும் சேர்ந்து 2,460. சாமான் ஏற்றிய கேம்பர் ஏறக்குறைய அவ்வளவு வரும், அதுவும் எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டி. "மெதுவாத்தானே ஓட்டறேன்!" சூடு குறையும், ஒப்புக்கொள்ளலாம், பாரம் குறையாதே. பக்கத்தில் லாரி கடக்கும்போது விலா மெத்தென்ற டயரில் வேன் அசைந்தாடும். அந்த ஆட்டத்தையும் அவர் ஒரிஜினல் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்.

நல்லவேளையாக, சொல்லிச் சொல்லி நான்கு 'சி' டயர் மாட்டிவிடுகிறார். முன்மூக்குக்கு அடியில் தட்டில் கிடக்கும் ஸ்டெப்னியை மட்டும் தொடவிடமாட்டார். ஃபேக்டரியிலிருந்து வந்ததாம், ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லையாம். அதில் தேதி எண் மூன்றே இலக்கம்.